நினைவை வளர்க்கும் மாத்திரை உண்டா? ஆறாம் ஏற்பியின் ஆராய்ச்சி வரலாறு

மும்பையின் துறைமுக ரயில் பாதையில் செம்பூரைக் கடந்தால் கோவண்டியும் அதனையடுத்து மான்குர்த்தும் வரும். இந்நிலையங்களுக்கு அண்மையில், தேவனார்ப் பகுதியில், பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் கழகம் அமைந்துள்ளது. 1956-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இக்கழகமே, நாடெங்கும் 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரையும் அவர்தம் துணைவரையும் கண்டு, மொத்தம் 72,000-க்கும் மேற்பட்டோரின் உடல்நலத்தையும் வாழ்க்கை நிலையையும் ஆராய்ந்த இந்திய முதுமை ஆய்வை முன்னின்று நடத்தியது. அதன் முதற் சுற்று 2017-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவ்வாய்வின் கிளையாக, புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தாரும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, 60 வயதைக் கடந்த 4,096 பேரின் அறிதிறனை விரிவாகச் சோதித்தனர். 2023-இல் வெளியான முடிவின்படி, நம் நாட்டு முதியோருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள், மறதிநோயுற்றோராவர்.

இவ்வெண்ணிக்கை அச்சிட்ட தாளில் மட்டும் நிற்பதன்று. மான்குர்த், கோவண்டி, சீத்தா கேம்ப் முதலிய இடங்களில் வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளர், அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோகும் மூதாட்டியையும், தாம் பல்லாண்டு நடந்த சந்தில் வழி தெரியாது திகைக்கும் முதியவரையும் காண்கின்றனர். அவ்வீட்டார் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “இதற்கு மாத்திரை உண்டா?” பள்ளியாசிரியர்களும் இக்கேள்வியை வேறு வடிவில் எதிர்கொள்கின்றனர். தேர்வு நெருங்குங்கால், பிள்ளையின் ஞாபகசக்தியைப் பெருக்க என்ன வாங்கித் தரலாம் எனப் பெற்றோர் வினவுவதுண்டு.

நினைவாற்றலை மீட்கும் எனப் பெரிதும் நம்பப்பெற்ற ஒரு மருந்துவகையின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்போம். அவ்வரலாற்றில் நம் நாட்டு ஐதராபாத் நகரின் நிறுவனமொன்றுக்கும் இடமுண்டு. ஒரு மருந்து பயன் தருமா என்பதை விஞ்ஞானம் எங்ஙனம் தீர்மானிக்கின்றது என்பதை அறிய இது தக்க சான்றாகும். வீட்டாரின் கேள்விக்கு நேர்மையான விடையளிக்கவும் இது துணைபுரியும்.

செரோட்டோனின் என்னும் பொருள்

நம் உடலில் செரோட்டோனின் என்னும் இரசாயனப் பொருள் உண்டு. இத்தாலிய விஞ்ஞானி எர்ஸ்பாமர் இதனைக் குடலின் உயிரணுக்களில் முன்னரே கண்டு வேறு பெயரிட்டிருந்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகியோர் 1948-இல் இதனை இரத்தத்தினின்று பிரித்தெடுத்தனர். இரண்டும் ஒன்றே என்பது பின்னர் விளங்கிற்று. 1953-இல் துவாரோக் என்னும் பெண் விஞ்ஞானி, பேஜுடன் சேர்ந்து, இப்பொருள் மூளையிலும் உள்ளது என நிறுவினார். உடலிலுள்ள செரோட்டோனினில் மிகப் பெரும் பகுதி குடலிலேயே தங்குகின்றது. மூளையில் உள்ளது சிறு பகுதியே. எனினும் உறக்கம், பசி, மனநிலை, கற்றல் ஆகியவற்றில் அச்சிறு பகுதிக்குப் பங்குண்டு.

இவ்வாராய்ச்சியில் மும்பைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி வேரைக் கொண்டு இரத்தக் கொதிப்பைத் தணிக்கலாம் என்பதை 1949-இல் பிரித்தானிய இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அவ்வேரினின்று 1952-இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்ப்பின் என்னும் மருந்து, மூளையிலுள்ள செரோட்டோனினைக் குறைக்கின்றது என்பதை 1955-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். மூளையின் ஓர் இரசாயனத்தைக் கூட்டியோ குறைத்தோ மனத்தின் செயலை மாற்றலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றதற்கு இக்கண்டுபிடிப்பும் ஒரு காரணமாகும்.

ஒரு சாவி, பல பூட்டுகள்

ஒரு நரம்பணு வெளியிடும் செரோட்டோனின், அடுத்த அணுவின் மேற்பரப்பிலுள்ள சிறப்புப் புரதங்களிற் பொருந்தியே தன் செய்தியைத் தெரிவிக்கின்றது. இப்புரதத்தை ‘ஏற்பி’ என்பர். செரோட்டோனினுக்கு ஒன்றல்ல, பதினான்கு வகை ஏற்பிகள் உள்ளன. அவை ஏழு குடும்பங்களாக வகுக்கப்பெற்றுள்ளன. ஒரே சாவி பதினான்கு பூட்டுகளையும் திறக்கின்றது எனலாம். ஆனால் ஒவ்வொரு பூட்டின் பின்னும் உள்ள அறை வேறு. ஒன்று வாந்தியுணர்வைத் தூண்டும். மற்றொன்று இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பிறிதொன்று மனக்கலக்கத்தோடு தொடர்புடையது. ஆகவே செரோட்டோனினை மொத்தமாகக் கூட்டுவதும் குறைப்பதும் பருமட்டான வேலை. ஒரு பூட்டை மட்டும் தேர்ந்து அடைப்பதே நுட்பமான வேலை. சாவியைப் போன்றே துளையினுட் புகுந்து, ஆனால் திரும்பாமல் நின்றுவிடும் பொருளைத் ‘தடைமருந்து’ என்கிறோம். அது உள்ளே இருக்குமளவும் மெய்ச்சாவி நுழைய இயலாது.

ஆறாம் ஏற்பி 1993-இல் எலியின் மூளையிற் கண்டறியப்பட்டது. மனிதனின் ஆறாம் ஏற்பி 1996-இல் விவரிக்கப்பட்டது. இதன் சிறப்பு, இது ஏறத்தாழ மூளையில் மட்டுமே காணப்படுவதாகும். அங்கும், கற்றலுக்கும் நினைவுக்கும் இன்றியமையாத பகுதிகளில் இது மிகுந்துள்ளது. எனவே இதனைத் தடுக்கும் மருந்து குடலையும் இதயத்தையும் தொடாது மூளையில் மட்டும் வேலை செய்யலாம் என ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்தனர். 1998-ஆம் ஆண்டு முதல் இவ்வேற்பியை மட்டும் தேர்ந்தடைக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாய் உருவாக்கப்பட்டன.

ஏற்பியைத் தடுத்தால் நினைவு ஏன் வளர வேண்டும் என வினவலாம். ஆறாம் ஏற்பி, பிற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் அணுக்களின்மீதும் அமர்ந்துள்ளது. அதனைத் தடுத்தால் அடக்குமுறை தளர்கின்றது; அசெட்டைல்கோலின், குளூட்டமேட்டு முதலிய இரசாயனங்கள் மிகுதியாக வெளிப்படுகின்றன. எலிகளிடம் இது அளந்து காணப்பட்டது. மருந்துண்ட எலிகள் நீர்த்தொட்டியினுள் மறைந்துள்ள மேடையை நினைவிற்கொண்டு சேர்வது போன்ற பல சோதனைகளில் மேம்பட்டன.

அசெட்டைல்கோலினே அல்ஸைமர் நோயில் குறைவுபடும் முக்கியப் பொருள். 1996 முதல் வழக்கிலுள்ள டொனெபெசில் என்னும் மருந்து, இப்பொருள் சிதைவதைத் தாமதப்படுத்துகின்றது. ஒரு தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பார்க்க. டொனெபெசில் அடியிலுள்ள ஓட்டையைச் சிறிதாக்குகின்றது. ஆறாம் ஏற்பித் தடைமருந்து மேலுள்ள குழாயைத் திறந்துவிடுகின்றது. இரண்டும் சேர்ந்தால் தொட்டி நிரம்பும் என்பதே கணக்கு. காகிதத்தில் இக்கணக்கில் யாதொரு பிழையும் இல்லை.

முதற் சோதனை தந்த நம்பிக்கை

டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனம் ஐடலோபிர்டின் என்னும் தடைமருந்தை உருவாக்கிற்று. டொனெபெசில் உண்டுவந்த, மிதமான அல்ஸைமர் நோயுடைய 278 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 90 மில்லிகிராம் மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றமுடைய, மருந்தில்லா மாத்திரையும் 24 வாரங்கள் தரப்பட்டன. யார் எதனை உண்கின்றார் என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார்.

சொற்களை நினைவுகூர்தல், பொருள்களுக்குப் பெயர் கூறுதல், இடமும் நாளும் அறிதல் முதலியவற்றை அளக்கும் 70 புள்ளி அளவையொன்று இத்தகைய சோதனைகளிற் கையாளப்படுகின்றது. அவ்வளவையில், மருந்துண்டோர் மற்றவரைவிட ஏறத்தாழ 2 புள்ளிகள் முன்னணியில் நின்றனர். சிலரிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததும் குறிக்கப்பட்டது. 2014-இல் இம்முடிவு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தபொழுது, பல்லாண்டுத் தோல்விகளால் சோர்ந்திருந்த மறதிநோய் ஆராய்ச்சியாளரிடையே ஊக்கம் பிறந்தது.

ஊக்கம் பணச்சந்தைக்கும் பரவிற்று. கிளாக்சோஸ்மித்கிளைன் நிறுவனம் கைவிட்டிருந்த இன்டெபிர்டின் என்னும் மற்றொரு ஆறாம் ஏற்பித் தடைமருந்தை, 2014-இன் இறுதியில் ஆக்சோவன்ட் என்னும் புதிய நிறுவனம் 50 இலட்சம் டாலர் முன்பணம் தந்து வாங்கிற்று. அடுத்த ஆண்டின் நடுவில் அந்நிறுவனம் தன் பங்குகளை விற்று 31 கோடி டாலருக்கு மேல் திரட்டியது.

பெருஞ்சோதனைகள் தந்த விடை

ஐடலோபிர்டினை மூன்று பெருஞ்சோதனைகளில் ஆராய்ந்தனர். மொத்தம் 2,525 நோயாளிகள் கலந்துகொண்டனர். மருந்தளவு நாளொன்றுக்கு 10, 30, 60 மில்லிகிராம் என அமைந்தது. முழு அறிக்கை 2018 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயிற்று. மூன்றில் ஒன்றேனும் அறிதிறனில் பயன் காட்டவில்லை. மருந்துண்டோரும் மருந்தில்லா மாத்திரையை உண்டோரும் ஒரே வேகத்தில் தளர்ந்தனர். இன்டெபிர்டினின் நிலையும் இதுவே. 1,315 பேரிடம் நடந்த சோதனை தோல்வியுற்றதென 2017 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

முதற் சோதனை பொய்யுரைத்ததா? இல்லை. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கிக் காட்டலாம். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால், ஏழோ அதற்கு மேலோ தலை விழுவது வியப்பன்று. ஆறு முறை முயன்றால் ஒரு முறையளவில் அது நிகழும். அதே நாணயத்தை ஆயிரம் முறை சுண்டி எழுநூறு தலை விழுந்தால், நாணயத்திற் குறையுண்டு என்று துணிந்து கூறலாம். சிறு கூட்டத்தில் தற்செயல் மெய்யைப்போல் வேடமிடும். பெருங் கூட்டத்தில் அதன் வேடம் கலைந்துவிடும்.

முதற் சோதனையின் முடிவு வெறுந் தற்செயலால் நேர்வது அரிதென்றே அதன் கணிதம் காட்டிற்று. ஆயினும் உலகெங்கும் பல மருந்துகள் சிறு சோதனைகளுக்கு உட்படுகின்றன. தோற்றவை ஒதுக்கப்பட, நற்பயன் காட்டியவை மட்டும் மேற்செல்கின்றன. அங்ஙனம் மேற்செல்வனவற்றுள் தற்செயலின் உதவி பெற்றவையும் கலந்திருக்கும். வகுப்பிலுள்ள அனைவரும் நாணயம் சுண்ட, மிகுதியாகத் தலை பெற்ற மாணவனை மட்டும் மேடையேற்றுவது போன்றது இது. மருந்தளவு குறைக்கப்பட்டதே தோல்விக்குக் காரணம் என வாதிட்டோரும் உண்டு. ஆனால் வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு மருந்துகளும் ஒரே முடிவையே தந்தமையால் அவ்வாதம் வலுவிழக்கின்றது.

எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமையையும் மறத்தலாகாது. ஆய்வுக்கூடத்து எலியின் நினைவு பெரும்பாலும் மருந்தொன்றால் சில மணி நேரம் மங்கச் செய்யப்படுகின்றது. அதன் நரம்பணுக்கள் அழிவதில்லை. அல்ஸைமர் நோயாளியின் மூளையிலோ, அசெட்டைல்கோலினை வெளியிடும் அணுக்களே ஆண்டுக்கணக்கில் மடிந்துவருகின்றன. தொட்டிக்கு நீர் வரும் குழாயே துருப்பிடித்து அடைபட்டபின், அதன் வாயைத் திறந்துவிடுவதால் நீர் பெருகுவதில்லை.

ஐதராபாத்தின் மருந்து

ஐதராபாத்திலுள்ள சுவென் லைப் சயன்சஸ் நிறுவனம், ஆறாம் ஏற்பியை மிகத் தெளிவாகத் தேர்ந்தடைக்கும் மாசுபிர்டின் என்னும் மருந்தை உருவாக்கிற்று. அயல்நாட்டார் கண்டறிந்த மருந்தின் நகலன்று இது. இந்திய ஆய்வுக்கூடத்திற் பிறந்த புதுப் பொருள். டொனெபெசில், மெமாண்டின் என்னும் இரண்டையும் உண்டுவந்த, மிதமான நோயுடைய 564 பேரிடம் அமெரிக்காவில் இது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினர்க்கு 50 மில்லிகிராமும், மற்றொரு பிரிவினர்க்கு 100 மில்லிகிராமும், மூன்றாம் பிரிவினர்க்கு மருந்தில்லா மாத்திரையும் 26 வாரங்கள் தரப்பட்டன. 2019 நவம்பரில் முடிவு வெளியிடப்பட்டது. நினைவாற்றலில் வேறுபாடில்லை.

நிறுவனத்தார் சோதனைக் குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்தபொழுது, தொடக்கத்தில் கொந்தளிப்பும் சினமும் உடையவராயிருந்த நோயாளிகளிடம் மருந்து அமைதி தந்ததுபோற் காணப்பட்டது. இது கருதத்தக்கதே. ஆயினும் முன்னர்க் குறித்திராத பயனைப் பின்னர்த் தேடிக் காண்பது, அம்பெய்தபின் அது தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைவதற்கு ஒப்பாகும். வட்டத்தை முதலில் வரைந்து, மீண்டும் அம்பெய்து பார்த்தல் வேண்டும். அதன்பொருட்டே, மறதிநோயாளரின் கொந்தளிப்பை மட்டும் குறிக்கோளாகக் கொண்ட மூன்றாங்கட்டச் சோதனை அமெரிக்கப் பதிவேட்டில் 2022-இல் பதிவு செய்யப்பட்டது. இது முறையான வழி. இரவெல்லாம் உறங்காது கூவும் முதியவரைக் காக்கும் குடும்பத்தார்க்கு அத்தகைய மருந்து கிட்டுமாயின் அதுவும் பெரும்பேறே. ஆனால் அது நினைவை மீட்கும் மருந்தாகாது என்பதைத் தெளிவாகப் பிரித்தறிதல் வேண்டும்.

ஆறாம் ஏற்பியைத் தேர்ந்தடைக்கும் எந்த மருந்தும் நினைவாற்றலை வளர்ப்பதற்கென எந்நாட்டிலும் அனுமதி பெறவில்லை. மேற்கூறிய சோதனைகள் யாவும் நோயுற்ற முதியோரிடம் நிகழ்ந்தவை. ஆகையால் தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு இவற்றினின்று எவ்வகை முடிவும் பெறுவதற்கில்லை. நோயாளியிடமே பயன் காட்டாத ஒன்றை, வளரும் மூளைக்கு ஊட்ட நினைப்பது தகாது. உறக்கமும், காலை உணவும், படித்ததை இடைவெளிவிட்டுத் தானே சொல்லிப் பார்த்தலும் பிள்ளைகளுக்குத் துணை செய்வன.

களப்பணியாளர் செய்யத்தக்கன

மாத்திரை இல்லை என்னும் விடையோடு வீட்டைவிட்டு வெளியேறுதல் முறையன்று. முதலாவது, மறதி யாவும் அல்ஸைமர் நோயன்று. தைராய்டுச் சுரப்பின் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை ஆகியவை மறதிநோயின் தோற்றத்தைத் தரவல்லன. இவற்றுட் பல சிகிச்சையால் சீர்ப்படக்கூடியன. ஓரிரு நாட்களில் திடீரெனத் தோன்றும் குழப்பம் தொற்றாலோ இரத்தத்தில் உப்பளவு தாழ்வதாலோ நேர்ந்திருக்கலாம். அத்தகையவரை அன்றே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, முதியவர் உண்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுக. தூக்க மாத்திரைகளும், ஒவ்வாமைக்கும் சிறுநீர்க் கட்டுப்பாட்டிற்கும் தரப்படும் மருந்துகள் சிலவும் நினைவைக் கெடுப்பன. அவற்றுட் சில அசெட்டைல்கோலினின் வேலையை நேரே தடுப்பவை. புதியதொரு மருந்தைச் சேர்ப்பதைவிடப் பழைய மருந்தொன்றை மருத்துவர் நீக்குவதால் நலம் விளைதலும் உண்டு. ஆனால் எதனையும் தாமாகவே நிறுத்துதல் கூடாது. டொனெபெசில் போன்ற வழக்கிலுள்ள மருந்துகள் நோயை மாற்றுவதில்லை. எனினும் சிலருக்குச் சில காலம் சிறு பயன் தருவன. அவற்றை உண்பவர் மருத்துவரின் சொற்படி தொடரலாம்.

மூன்றாவது, சோதிக்கும் மொழி. தமிழகத்தினின்று இளமையிற் குடிபெயர்ந்து வந்த மூதாட்டியை மராத்தியிலோ இந்தியிலோ வினவினால், தெரிந்ததும் தெரியாததாய்த் தோன்றும். எழுத்தறியாதவரை எழுதச் சொல்லுதலும் அத்தகையதே. அரியானாவின் வல்லபகர் வட்டாரத்தில் 1990-களில் ஆராய்ச்சியாளர் இவ்விடரை உணர்ந்து, பள்ளி செல்லாதவர்க்கும் ஏற்ற வினாத்தொகுதியை அமைத்தனர். ஆகவே தாய்மொழியில், “பாட்டி, இன்று என்ன கிழமை? நேற்று இரவு என்ன சமைத்தீர்கள்? குழாயில் தண்ணீர் எப்பொழுது வரும்?” எனக் கேட்பது தக்கது. அதனினும் தக்கது, உடன் வாழ்வோரை வினவுதல். ஓராண்டுக்கு முன் தாமே செய்த எவ்வேலையை இப்பொழுது செய்ய இயலவில்லை என்பதே சிறந்த வினா.

நான்காவது, தடுக்கக்கூடியதைத் தடுத்தல். 2024-இல் லான்செட் ஆணைக்குழு, மாற்றியமைக்கத்தக்க பதினான்கு காரணங்களைத் தொகுத்து, அவை யாவும் நீக்கப்பெறின் உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ கூடும் எனக் கணித்தது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைபிடித்தல், கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, காற்று மாசு, இளமையிற் கல்வியின்மை முதலியன அப்பட்டியலில் உள்ளன. வக்கீல் அவர்கள் 1949-இல் தணிக்க முயன்ற இரத்தக் கொதிப்பு, மூளையின் நலத்திற்கும் பகையென்பது இன்று தெளிவாகியுள்ளது. குப்பை மேட்டின் புகை சூழும் பகுதியில் காற்றின் தூய்மையைத் தனியொருவர் மாற்றுதல் அரிது. ஆனால் இரத்த அழுத்தத்தை அளத்தலும், காதைச் சோதித்தலும், கண்புரையை நீக்க வழிகாட்டலும் களப்பணியாளரின் கைக்கெட்டிய செயல்கள். ஒரு சிறுமியைப் பள்ளியினின்று நிற்காமற் காக்கும் ஆசிரியரும், அறுபதாண்டுக்குப் பின் வரக்கூடிய மறதியை இன்றே எதிர்க்கின்றார்.

வீட்டார் மீண்டும், “நினைவை மீட்கும் மாத்திரை எப்பொழுது வரும்?” எனக் கேட்பின், சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன எனவும், விற்பனையாளர் எவரேனும் இப்பொழுதே உண்டெனக் கூறினால் எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தனர் என வினவுமாறும் கூறுக. முதியோர்க்கான தேசிய உதவித் தொலைபேசியின் எண் 14567. அதனைக் குறித்துத் தருவதோடு, நோயாளியை நாள்முழுதும் பார்த்துக்கொள்பவர் யார், அவர் கடைசியாக ஓர் இரவு முழுதும் உறங்கியது எப்பொழுது என்பதையும் கேட்டறிந்து பதிவேட்டில் எழுதிக்கொள்ளுதல் நலம்.